அஞ்சலி விழுங்கிய இரண்டாம் பகுதி

அருப்புக்கோட்டை நகரத்தாருக்கும், திருச்சுழி ரோட்டில் பஸ் நிற்கும் இடமெல்லாம் குடியிருக்கும் பெருமக்களுக்கும், முக்கியமாக ஜெர்மனியில் ரொட்டி தின்று இளைத்துப் போயிருக்கும் என் மகனுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்வது: நம் கம்ப்யூட்டர் கடைக் கீபோர்டில் சின்னக் கோடு போடுகிற பட்டன், ஒன்பது ஆண்டு ஓயாத உழைப்புக்குப் பின், நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு நம்மை விட்டுப் பிரிந்தது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அன்னார் வீற்றிருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளம் மட்டும் இருக்கிறது. துயரத்தில் வாடும் உற்றார் உறவினர் நூற்று மூன்று பட்டன்கள்.

சிரித்திருந்தால் சந்தோஷம். சிரிக்காமல் 'ஆரம்பிச்சிட்டாரு அறுப்புக்கோட்டையாரு' என்று முணுமுணுத்திருந்தாலும் சந்தோஷம்தான். இந்த ஊரில் பிறந்துவிட்டு அறுக்காமல் இருந்தால் ஊர்ப் பேருக்கே இழுக்கு. ஆனால் கடைசி வரை படி. அந்தப் பட்டன் சாகாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. வெள்ளிக்கிழமை நீ இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதற்கு முன்னால் இது உன் கையில் இருந்தாக வேண்டும். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இரண்டாவது டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன் என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மூடிய கடிதங்களில் நமக்கு ராசியில்லை என்று தெரிந்துபோனதால் இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், நீ படித்தால் போதும்.

திறந்த கடிதம் என்றால் அடுத்த வீட்டாருக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மில் ஆபீஸுக்கும் நூல் வியாபாரிகளுக்கும் வருகிற மெயிலை வாங்கி, யார் அனுப்பியது, என்ன சங்கதி, கூட வந்த காகிதம் எது என்று பிரித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்றை நான் எழுதினேன். எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல், பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு, நூற்று இருபதே வரியில் எழுதினேன். பெரிய கம்பெனிக்காரன் ஆயிரக்கணக்கான வரியில் செய்வதை நான் ஒரு வெற்றிலை மடிக்கிற அளவுக்குச் சுருக்கிவிட்டேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அஞ்சல் படிப்பதால் அதற்கு 'அஞ்சலி' என்று பேர் வைத்தேன். வீரசோழனில் ஏற்றுமதி வியாபாரம் செய்கிற ஜமால் பாய் அந்தப் பேரைத் திரையில் பார்த்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன் தம்பி, மெயில் வந்திருக்கா, இல்ல மெயிலு மவுத்தாயிருச்சா?" என்று கேட்டார். மவுத்து என்றால் சாவு. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பாய் சொன்னது வாக்காக இருந்திருக்கிறது.

அஞ்சலியின் வயிற்றில் ஒவ்வொரு மெயிலுக்கும் மூன்று பை வைத்திருந்தேன். யார் அனுப்பியது, என்ன வகை என்ற குறிப்பெல்லாம் இருக்கிற தலைப்புக்கு ஒரு பை, பேச்சுக்கு ஒரு பை, இணைப்புக்கு ஒரு பை. இணைப்புப் பையில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பேச்சுப் பையில் ஒரே ஒரு பேச்சுக்குத்தான் இடம். ஒரு மெயிலில் ஒருத்தன் எத்தனை பேச்சுத்தான் பேசிவிடப் போகிறான் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஜமால் பாய் கடைக்கு வந்து, துபாயிலிருந்து மகன் அனுப்பியதில் சரக்குக் காகிதத்தைக் காணோம் என்றார். நான் வழக்கம்போல உங்கள் மகன் வைக்க மறந்திருப்பான் என்று பழியைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டேன். பாய் கோபப்படவில்லை. அவர் மகன், வேறொருவர் தனக்கு அனுப்பிய மெயிலை அப்படியே இவருக்குத் தள்ளிவிட்டிருக்கிறான். அதாவது ஒரு மெயிலுக்குள் இன்னொரு முழு மெயில். காகிதம் அந்த உள் மெயிலில் இருந்தது. பாய்க்கு இந்தத் தொழில் தெரியாது, பெட்டி தெரியும். "தம்பி, சவுதியிலருந்து நான் வரும்போது பெட்டி கட்டிட்டு வருவேன்ல. பெட்டிக்குள்ள பால் டின்னு இருக்கும், டின்னுக்குள்ள பொம்பளப் புள்ளைக்கு வாட்சு இருக்கும். நீங்க பெட்டியத் திறந்துட்டீக. டின்ன யாரு திறப்பா?" என்றார். உன் கல்லூரி வாத்தியார் நாலு மாதம் எடுத்துச் சொன்னதை அந்த மனுஷன் ஒரு பால் டின்னில் அடக்கிவிட்டார்.

ரோஷம் வந்துவிட்டது. நேற்றுக் காலை கடையைத் திறந்ததும் அஞ்சலியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். சோதித்துப் பார்க்க, பல பகுதி கொண்ட ஒரு மாதிரி மெயிலைக் கையால் அடிக்க வேண்டும். அப்படிப்பட்ட மெயிலில் ஒரு பகுதி தொடங்குகிற இடத்தில் இரண்டு சின்னக் கோடும், அதை ஒட்டி ஓர் அடையாளச் சொல்லும் இருக்கும். எல்லாம் முடிந்தது என்றால் அதே சொல்லுக்குப் பின்னாலும் இரண்டு கோடு. பரளச்சிப் பக்கம் மானாவாரிக் காட்டில் ஒருத்தன் நிலம் முடிந்து அடுத்தவன் நிலம் தொடங்குவதை எது காட்டுகிறதோ அதன் பேரையே இதற்கும் வைத்திருந்தேன்: வரப்பு. அந்த வரப்புக் கோட்டை அடிக்கப் போனபோதுதான் மேற்படி பட்டன் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. வரப்பு போட வழியில்லை. சரி, ஏற்கெனவே வந்த ஏதாவது ஒரு மெயிலின் மூலத்தைத் திறந்து அதிலிருந்து இரண்டு கோட்டை நகலெடுத்துக்கொள்வோம் என்று, பட்டியலில் கண்ணில் பட்டதைத் திறந்தேன். ஜனவரியில் நீ பெங்களூரிலிருந்து எனக்கு அனுப்பியது அது.

சாதாரணமாக அந்த அடையாளச் சொல் எண்ணும் எழுத்துமாகக் கிறுக்கியதுபோல நீளமாக இருக்கும், மென்பொருளே போட்டுக்கொள்ளும். உன் மெயிலில் ஆங்கில எழுத்தில் 'வரப்பு' என்று இருந்தது. என் சொல். எனக்காக நீ உட்கார்ந்து கையால் கட்டிய மெயில் அது. வரப்பு மூன்று இடத்தில் இருந்தது. மூன்று வரப்பு என்றால் நடுவில் இரண்டு வயல். நான் ஜனவரியில் அஞ்சலி வழியாகப் பார்த்தது ஒரு வயலைத்தான். அது எனக்கு மனப்பாடம். 'அப்பாவுக்கு வணக்கம். ஜெர்மனி வேலை உறுதியாகிவிட்டது. மார்ச்சில் கிளம்ப வேண்டும். உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்.' அதற்கு நான் பத்தே நிமிடத்தில் பதில் போட்டேன்: 'ஜெர்மனியா? போ, ஜெயமணி அடி.' அந்தச் சிலேடையில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. டீக்கடையில் சொன்னேன், பாயிடம் சொன்னேன், ரீசார்ஜ் பண்ண வந்த முகம் தெரியாத ஆளிடம்கூடச் சொன்னேன். இரண்டாம் வயலில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகச் சில வரிக் குப்பை இருந்தது. நம் எழுத்து மெயிலில் அப்படித்தான் மூட்டை கட்டி வரும், அவிழ்த்தால்தான் படிக்கலாம். மெனக்கெட்டு வரப்பு கட்டுகிறவன் தரிசுக்காகக் கட்டமாட்டான்.

அஞ்சலி ஏன் அதைக் காட்டாமல் விட்டது என்று தேட வேண்டியதே இல்லை, நானே எழுதிய விதி. இரண்டு பேச்சு வந்தால் முதலாவதை எடு, அடுத்ததை விடு. ஏனென்றால் பெரும்பாலான மெயிலில் ஒரே சங்கதி இரண்டு உடுப்பில் வரும்: ஒன்று வெறும் எழுத்தாக, இன்னொன்று கலரும் அலங்காரமுமாக. ஒன்றைக் காட்டினால் போதும். அதற்கு 'மாற்று' என்று தலைப்பிலேயே குறிப்பு இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகக் காட்ட வேண்டும் என்றால் 'கலப்பு' என்று இருக்கும். ஒன்றை ஒன்று சார்ந்த பேச்சும் படமும் என்றால் 'உறவு'. கலப்பு, மாற்று, உறவு என்று கேட்டால் கல்யாணத் தரகர் நோட்டைப் பிரித்தது போல இருக்கும். உன் மெயிலின் தலைப்பில் 'கலப்பு' என்று பளிச்சென்று இருந்தது. அஞ்சலி தலைப்பைப் பையில் போடுமே தவிர அந்தக் குறிப்பைப் படிக்காது. இரண்டாவது பேச்சு என்றாலே முதலாவதைத் திருப்பிச் சொல்வதுதான் என்று முடிவுகட்டி எழுதிவைத்தவன் நான்.

வேறு எவன் வேண்டுமானாலும் அப்படி எழுதலாம், நம் வீட்டில் பிறந்தவன் எழுதியிருக்கக் கூடாது. வாசலில் தமிழ், உள்ளே தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாம். இரண்டும் ஒரே பேச்சா? உன் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா தமிழில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து வற்புறுத்திவிட்டு, அதே மூச்சில் உள்பக்கம் திரும்பி தெலுங்கில் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டார். வந்தவர்களும் நம் ஆட்கள், தெலுங்குதான் பேசுவார்கள் என்பது அவருக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. அவர்கள் பசியில்லை என்று எழுந்து போனார்கள். சம்பந்தம் மட்டும் கூடிவந்தது. அவர் வாசல் பேச்சைக் கேட்டு யோசித்தோம், உள்பேச்சைக் கேட்டுத்தான் பெண் எடுத்தோம் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் பின்னால் சொன்னாராம். இதைக் கதையாக உனக்கு நூறு தடவை சொன்ன நான்தான், இரண்டாவது பேச்சு வெறும் நகல் என்று நிரலில் எழுதினேன்.

பதினைந்து வயதில் நான் செய்த சேட்டை ஒன்று உனக்குச் சொன்னதில்லை. சொன்னால் உன்னை அடக்க எனக்கு வாய் இருந்திருக்காது. பழைய பஸ் ஸ்டாண்டில் நின்ற பரளச்சி பஸ்ஸின் பலகையைக் கழற்றி வீரசோழன் பஸ்ஸில் மாட்டி, அதைக் கழற்றி இதில் மாட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒருவரும் ஏமாறவில்லை. ஊரே டிரைவர் முகத்தைப் பார்த்து ஏறுகிற ஊர். பலகையைப் படித்து ஏறியவர் ஒரே ஒருவர், அவர் என் அப்பா. பரளச்சியில் ஓர் இழவுக்குப் போக வேண்டியவர் வீரசோழனில் போய் இறங்கினார். எடுப்பதற்குள் போய்ச் சேர முடியவில்லை. திரும்பி வந்து என்னை அடிக்கவும் இல்லை. எழுதியிருந்ததே என்று மட்டும் தமிழில் சொன்னார். அதை அவர் தெலுங்கில் திட்டியிருந்தால் எனக்கு அன்றோடு விட்டிருக்கும். எழுத்தை நம்புகிற மனுஷனை நான் ஒருமுறை கேலி செய்தேன். அப்புறம் பிழைப்புக்காக மென்பொருள் எழுத வந்து, தலைப்பைப் படிக்காமலே பஸ்ஸில் ஏறுகிற மென்பொருளை எழுதினேன். இப்போதும் எழுத்தை நம்பி அனுப்பியவன்தான் வேறு ஊரில் போய் இறங்கினான்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூன்று பையையும் தூக்கிக் கடாசிவிட்டு அந்த இடத்தில் ஒரு மரத்தை நட்டேன். இந்தப் பக்கம் மரம் என்றால் சீமைக்கருவேலம்தான், அதையும் கரி போட்டுவிடுவோம். இது வேறு மரம். ஒரு மெயில் என்பது ஒரு கணு. ஒவ்வொரு கணுவுக்கும் தனக்கென்று ஒரு தலைப்பு உண்டு. அதற்கு உள்ளே ஒரு பேச்சோ படமோ இருக்கும், இல்லையென்றால் சின்னக் கணுக்களின் வரிசை இருக்கும். சின்னக் கணுவும் பெரிய கணுவைப் போலவே, அதே உடம்பு. பெட்டிக்குள் டின், டின்னுக்குள் வாட்சு. திறக்கிற வேலை ஒன்றுதான். உள்ளே கணு இருந்தால் தன்னைத்தானே மறுபடி கூப்பிட்டுக்கொண்டு சுழன்று சுழன்று போகும். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன் என்பதை இந்த ஐம்பது வயதில் மார்தட்டிச் சொல்லிக்கொள்கிறேன். பாயின் சரக்குக் காகிதம் முதல் சுற்றிலேயே வெளியே வந்து விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் கடைக்கு வெளியே போய் நின்றேன். எதிர்ச் சந்தில் விசைத்தறி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வந்து அஞ்சலிக்கு உன் மெயிலைக் கொடுத்தேன்.

அது தெலுங்கில் இருந்தது. நம் வீட்டில் யாருக்கும் தெலுங்கு எழுத்துத் தெரியாது என்பதால் தமிழ் எழுத்தில் தெலுங்கு. தமிழில் எனக்கு 'நீங்கள்' போடுகிறவன் தெலுங்கில் 'நீ' போடுவாய், அப்படியே எழுதியிருந்தாய். 'நாயனா, நீவு வத்தண்டே நேனு போனு.' அப்பா, நீ வேண்டாம் என்றால் நான் போகமாட்டேன். அதற்குக் கீழே, உனக்கு ஜெர்மனி ஆசை அவ்வளவாக இல்லை என்று எழுதியிருந்தாய். கடையில் இன்னொரு நாற்காலி போட்டு என்னோடு உட்காரத்தான் பிடித்திருக்கிறது என்றும், குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் நாம் இரண்டு பேர் இருந்தாலும் வேலை போதாது என்றும் எழுதியிருந்தாய். (பூங்கா என்றதும் உன் அம்மா ஊஞ்சல் இருக்குமா என்று கேட்டாளே, அதையும் எழுதியிருந்தாய்.) கடைசி வரி: இதைப் படித்துச் சிரித்துவிடாதே. அந்த வரிக்குத்தான் என்னிடமிருந்து ஜெயமணி வந்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா அடுப்படியில் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டாள். ஜனவரியில் நீ அவளிடம் போனில் இரண்டு தடவை, அப்பா மெயிலைப் படித்தாரா, முழுசாகப் படித்தாரா என்று கேட்டாயாம். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். தெலுங்கில்தான் சொன்னாள், அது தமிழில் இப்படி வரும்: "படிச்சாக, சிரிச்சாகன்னு சொன்னேன்." இந்த ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அவளோடு அரைமணி நேரமும், என்னோடு 'நல்லா இருக்கீங்களா, கடை எப்படி ஓடுது' என்று இரண்டு வரியும் பேசியதற்கு அர்த்தம் புரிந்தது. குளிர் நாட்டுக்குப் போனதும் பையனுக்குக் கொழுப்புக் கூடிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த இரண்டு வரிகூடப் பேசியிருக்க மாட்டேன்.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது. ஜனவரியில் நான் அதைப் படித்திருந்தால் யோசிக்காமல் 'வத்து' என்று எழுதியிருப்பேன். வேண்டாம், வந்துவிடு என்று. உன் நாற்காலிக்குப் பூஜை போட்டு, பாயைக் கூப்பிட்டுக் காட்டி, என் மகன் ஜெர்மனியை வேண்டாம் என்று சொன்னவன் என்று அதையும் ஒரு பெருமையாக ஆக்கியிருப்பேன். அது உனக்கு நல்லதாக இருந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை. அதனால் இப்போது 'திரும்பி வா' என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கையெழுத்துப் போடுவதும் போடாமல் இருப்பதும் உன் பாடு. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போடு: உன்னை நிறுத்தச் சொல்லி நீ கேட்டதை நான் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. நீ கேட்டது என் காதில் விழவே இல்லை. அப்பன் ஜெயமணி என்றானே என்ற வீம்பில் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதே. அங்கே இருக்கப் பிடித்திருந்தால் போடு. யாருக்காவது முக்கியமானதைச் சொல்லும்போது இரண்டாம் பகுதியில் வைக்காதே, முதல் வரியிலேயே வை. கேட்கிற நாங்கள் அவ்வளவு புத்திசாலிகள் இல்லை. இன்று காலை கடையில் அந்த இரண்டாவது நாற்காலியின் மேல் அடுக்கியிருந்த பழைய பிரிண்டர்களை இறக்கி வைத்துவிட்டுத் துடைத்தேன். யாரும் உட்காரச் சொல்லி இல்லை, தூசியாக இருந்தது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதாமல் அனுப்பிவிடலாமா என்றுதான் மூன்றாவது தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மேலே மரம் நட்டேன், சாயங்காலத்துக்குள் முடித்தேன் என்றெல்லாம் மார்தட்டியதைப் படித்தபோதே உனக்கு மூக்கில் வேர்த்திருக்கும். கணு என்பது நீ வைத்த பேர். நீ கிளம்புவதற்கு முந்தின தீபாவளிக்கு வந்தபோது அஞ்சலியை முழுசாகத் திருத்தி எழுதி, 'நாயனாவுக்கு' என்று ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டுப் போனாய். நான் உன்னைச் செல்லமாகக் கூப்பிடுவதும் அதே சொல்தான். திருச்சுழிக்காரி வயிற்றில் பிறந்தவன் சுழல்கிற நிரல் எழுதியதில் என்ன ஆச்சரியம் என்று உன் அம்மாவிடம் அன்றைக்கே ஒரு சிலேடைகூடச் சொன்னேன். போன பிறகு போன் பண்ணி, "போட்டீங்களா?" என்று கேட்டாய். "போட்டாச்சு, பிச்சுக்கிட்டு ஓடுது" என்றேன். போடவில்லை. என் நூற்று இருபது வரிக்கு மேல் பையன் வந்து வரி எழுதுவதா என்று ஒரு வீம்பு. அந்த ஃபோல்டரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீ அதை நம்பித்தான் இரண்டு வயல் கட்டி அனுப்பினாய். நேற்று என் கையால் ஒரு மரம் நடத்தான் பார்த்தேன்; மத்தியானம் மூன்று மணி வரை பட்டுப்பட்டுப் போயிற்று. அப்புறம்தான் உன் ஃபோல்டரைத் திறந்தேன். அதில் நான் சேர்த்தது சோதனைக்காக ஒரே ஒரு வரப்பு, அதிலும் கோடு போடப் பட்டன் இல்லாமல் உன் மெயிலிலிருந்து எடுத்து ஒட்டியது. பாயின் காகிதத்தையும் உன் பேச்சையும் எடுத்துக் கொடுத்தது நீ எழுதியதுதான். இப்போது ஒரு தடவை கேள், போட்டீங்களா என்று. போட்டுட்டேன், நாயனா. பிச்சுக்கிட்டு ஓடுது.